வீட்டுக்குள்ளால் போகும் பாதை

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் நெடுந்தூர நடைபாதை ஒன்றின் வரலாற்றைத் துஷாந்தன் கல்லூரிக்குக் கட்டுரையாக எழுதியிருந்தான். அதைத் தொடங்கியவர்கள் அறுபது வருடங்களுக்கு முன் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, தேத்தண்ணி குடித்து, கைகுலுக்கிச் சம்மதம் வாங்கி, நடப்பவர்களுக்குப் பாதை தெரிய வழிநெடுக மரங்களில் வெள்ளைக்கோடு தீட்டினார்களாம். அவர்களில் ஒருவரும் இன்று உயிருடன் இல்லை என்று முடித்துக் கொடுத்துவிட்டு மோர்னிங்சைட் வீதியிலுள்ள தன் வீட்டுக்கு வந்தான்.

பிரிட்ஜ் கதவில் ஈரம் காயாத வெள்ளைக்கோடு ஒன்று இருந்தது.

“ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தவர். பாதை எங்கடை வீட்டுக்குள்ளாலை போகலாமோ எண்டு கேட்டார். தேத்தண்ணி குடுத்து, ஓம் எண்டிட்டன்,” என்றார் அம்மா.

“அம்மா, இது பதினோராம் மாடி!”

“எதிர் பில்டிங் ஆக்களும் ஓம் எண்டிட்டினமாம். நாங்கள் மட்டும் மறிச்சால் வடிவே?”

அடுத்த கோடு பல்கனிக் கம்பியில் இருந்தது. அவன் கோட்டை அழிக்கத் துணி நனைத்துக்கொண்டு வந்தபோது அம்மாவைக் காணவில்லை. முழங்கால் வலியென்று பஸ் தரிப்புவரைகூட நடக்காதவரின் சப்பாத்தும் இல்லை. வாசல் கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது.

எதிர்க் கட்டடத்துப் பல்கனியில் நின்று அம்மா கையசைத்தார்.

“சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வா, தம்பி! முழங்கால் நோகவே இல்லை.”