நூற்று முப்பத்தெட்டிலேயே நிற்கும் வண்டி

மூன்றாவது முறையாக மெக்கானிக் மரீஸ் கிளட்சு மூடியைத் திறந்தபோது, தவறு அவளுடையதுதான் என்று உறைந்த ஏரியின் மேல் நின்ற அத்தனை பேரும் முடிவு கட்டியிருந்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லும் வேலையை நோர்மான் ஒருவரே பார்த்துக்கொண்டார்.

“மூணு வருஷம் காலேஜ்ல உக்காந்து இதத்தான் படிச்சியாம்மா? நூத்தி முப்பத்தெட்டு. எங்க மச்சான் இந்த வேகத்துல ரொட்டி வாங்கப் போவான்.”

நோர்மான் இந்த ஏரியில் ராடார் வைத்து வேகம் அளக்கும் ஓட்டத்தில் ஆறு முறை கோப்பை வாங்கியவர். பனியில் ஓட்டும் பழைய ஸ்னோமொபைல் போன மார்ச்சில் அவரோடு உருண்டு நொறுங்கிவிட்டதால் இந்தக் குளிருக்குப் புதுசு எடுத்திருந்தார். மணிக்கு நூற்று எழுபது கிலோமீட்டரைத் தாண்டும் என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்து அதை விற்றவர் கடைக்காரர் காயெத்தான்.

காயெத்தான்தான் மரீஸின் முதலாளி. காலையிலேயே அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நோர்மான் இன்றைக்கு நூற்று எழுபது போகவில்லை என்றால் நாளையிலிருந்து கிளட்சு வேலை முழுவதும் தன் மருமகனுக்கு. அவள் கவுண்டரில் நின்று ஹெல்மெட் விற்கலாம். மருமகனுக்குக் கிளட்சு பெல்ட்டை எந்தப் பக்கமாக மாட்டுவது என்பதே தெரியாது. ஆனால் அவன் மருமகன்.

மரம் அறுக்கும் ஆலையில் இரட்டை ஷிப்டு பார்த்து அப்பா படிக்கவைத்தது ஹெல்மெட் விற்கவா என்று மரீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் வேலையே போய்விடும். ஸ்பேனரைத் திறந்துவைத்த பெட்டியில் எறிந்தாள்.

முதல் ஓட்டத்தில் நூற்று முப்பத்தெட்டு. கிளட்சுக்குள் இருக்கும் எடைகளைக் குறைத்து அனுப்பினாள், நூற்று முப்பத்தெட்டு. கனமானதைப் போட்டு ஸ்பிரிங்கையும் மாற்றி அனுப்பினாள். அதே நூற்று முப்பத்தெட்டு. எடையைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரே எண்ணைச் சொல்லும் கிளட்சை அவள் இதுவரை பார்த்ததில்லை.

ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் கிளட்சுத் தட்டின் குறுக்கே மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு இழுத்துவிடுவாள். வேகம் கூடக் கூட பெல்ட் தட்டின் விளிம்பை நோக்கி ஏறும். ஏறிய இடம்வரை கோடு தேய்ந்து போகும். மூன்று முறையும் விளிம்பருகே ஒரு விரல் அகலத்துக்குக் கோடு அழியாமல் மிச்சம் இருந்தது.

இன்ஜின் எப்படி இழுக்கிறது என்று கேட்டாள். காளை மாதிரி இழுக்கிறது, உன் கிளட்சுதான் வாலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது என்றார் நோர்மான். அதோடு நிறுத்தாமல், அந்த ஊர்க்காரர்கள் கெட்ட வார்த்தைக்குப் பதில் சொல்லும் மாதா கோயில் பூசைப் பாத்திரங்களை ஒன்றுவிடாமல் பேர் சொல்லிக் கிளட்சைத் திட்டினார்.

ராடார் குடிலை மூட இருபது நிமிஷம்தான் இருந்தது. ஒரு ஓட்டம் பாக்கி. நோர்மானைப் பட்டாணி சூப் குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, வேடிக்கை பார்த்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரீஸ் வண்டிக்குள் குனிந்தாள்.

பத்து நிமிஷம் கழித்து மூடியை மாட்டினாள். இருக்கையில் ஏறி உட்கார்ந்து இன்ஜினை முடுக்கி, கைப்பிடி ஓரத்தில் இருந்த பொத்தானை இரண்டு நொடி அழுத்திப் பிடித்துவிட்டு இறங்கினாள்.

“இப்ப போங்கண்ணே. சரியா வரும்.”

நோர்மான் கட்டைவிரலால் ஆக்சிலரேட்டரை அமுக்கினார். எதிரே வெறும் வெள்ளை. மரமோ கம்பமோ எதுவும் இல்லை. எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதை மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜின் சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, ஏரியின் மறுகோடிவரை தணியவே இல்லை.

திரும்பி வந்தவர் ராடார் குடிலில் சீட்டு வாங்கக்கூட நிற்கவில்லை. நேரே வந்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பனியில் வீசினார்.

“நூத்தி எட்டு. என் கண்ணால பாத்தேன். கடைசி வரைக்கும் விடாம அமுக்கிப் பிடிச்சும் நூத்தி எட்டுக்கு மேல நகர மாட்டேங்குது. இருந்ததையும் கெடுத்துட்டா, காயெத்தான், உன் கடையோட படிச்ச பொண்ணு.”

காயெத்தான் அவளைப் பார்க்காமல் மருமகனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மருமகன் அவள் ஸ்பேனர் பெட்டியில் கை வைத்தேவிட்டான்.

அப்போதுதான் குடிலின் ஒலிபெருக்கி கரகரத்தது. நோர்மான், நூற்று எழுபத்து நான்கு. நம்ப முடியாதவர்களுக்காக இன்னொரு முறையும் சொன்னார்கள். இந்த வருஷத்தில் அதுதான் முதல் இடம்.

நோர்மான் போய் ஹெல்மெட்டை எடுத்துப் பனியைத் தட்டினார். மீட்டர் குளிரில் கெட்டுப்போயிருக்கிறது, வண்டி பறந்தது தனக்கு அப்போதே தெரியும் என்றார். இனிமேல் தன் கிளட்சில் இந்தப் பொண்ணைத் தவிர வேறு எவன் கை வைத்தாலும் கையை உடைப்பேன் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். மருமகன் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

அதற்குள் நாலைந்து பேர் தங்கள் வண்டிக்கும் அதே எடை வேண்டும் என்று மரீஸைச் சுற்றிக்கொண்டார்கள். காயெத்தான் அவர்களை விலக்கி, அவளைக் கூடாரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். குறித்துக்கொள்ளப் பேனாவையும் எடுத்துவிட்டார். எத்தனை கிராம் எடை, எந்த நிற ஸ்பிரிங், சொல்லும்மா என்றார்.

மரீஸ் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்தத் தடவ எடை, ஸ்பிரிங் எதையும் மாத்தல. மீட்டர்ல நூத்தி நாப்பதப் பாத்தா அவரு கட்டைவிரல் பயத்துல தானா எழுந்துக்குது. அதான், கிலோமீட்டர்ல இருந்த மீட்டரை மைலுக்கு மாத்திவிட்டேன்.”