வேருக்கு ஆகாத மாத்திரை

கல்லறைத் தோட்டத்து அதிகாரி எட்வின் இந்த வாரமும் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றான். நோயாளியைப் பார்க்க வந்தவன் முகத்தையல்லவா முதலில் பார்க்க வேண்டும்? இவன் அப்பாவின் போர்வையை விலக்கி, சந்தையில் ஆட்டைப் பிடித்துப் பார்ப்பதுபோல் தொடையைப் பிடித்துப் பார்த்தான்.

"ரொம்ப இளைச்சிட்டாரேக்கா. நல்லா ஊட்டமா குடுங்க."

வெள்ளைக்காரன் காலத்துக் கல்லறைகளுக்கு நடுவே உலகத்து அபூர்வ மரங்களையெல்லாம் சேர்த்து வளர்க்கிறார்கள். ஒவ்வொரு மரத்தின் வேருக்கும் ஒரு பிணம் உரம். மடகாஸ்கரிலிருந்து வந்த கன்றுக்கு அப்பாவை எழுதிக் கொடுத்தவன், இதோ பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் என் அண்ணன் ரொசாரியோ. மரத்தில் எங்கள் குடும்பப் பெயர்ப்பலகை தொங்குமாம். அந்தப் பெருமையே அவனுக்குத் தாங்கவில்லை.

"இந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் நிறுத்திடுங்கக்கா. வேருக்கு ஆகாது" என்றான் எட்வின்.

"அதை நிறுத்தினா அப்பா செத்துருவாருய்யா!"

"மழைக்கு முன்னாடி நட்டாகணும்க்கா" என்றான், ஆறுதல் சொல்கிற குரலில். அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினான்.

அப்போது அப்பா கண்ணைத் திறந்தார். பல நாளுக்குப் பிறகு தானாக எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து, "பெலிசி, மீன் குழம்பு இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணன் எட்வினிடம் மன்னிப்புக் கேட்டான்.

எட்வின் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். வாசல்வரை போனவன் திரும்பி, என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்களுக்கு சுகர் ஏதும் இல்லையேக்கா?"