ஒன்பதும் வாசித்த நடுவர்

"ஒன்பதையும் வாசிச்சு முடிச்சிட்டன் நானா. ஒரு வரி விடேல்லை!"

கதவைத் திறந்தபடியே மயில்வாகனம் சொன்னதைக் கேட்டுச் சாஹுல் ஹமீதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் மடக்கிய குடையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒன்பதையுமா சேர்?"

"ஓம். நாளைக்குக் காலமை முடிவை அனுப்பிப்போடுவன். மழைக்குள்ள நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ."

சாஹுல் ஹமீது மடவளையில் புத்தகம் கட்டும் கடை வைத்திருப்பவர்; ஊருக்கெல்லாம் அவர் 'நானா', அதாவது அண்ணன். கண்டியிலுள்ள ஓர் ஆய்வுக் கழகம் ஆண்டுதோறும் சிறந்த ஆராய்ச்சிக்குப் பரிசு கொடுக்கிறது. கடைசிச் சுற்றுக்கு வந்த ஒன்பது ஆய்வேடுகளுக்கும் ஒரேமாதிரி நீல அட்டை போட்டுக் கொடுப்பது அவர் பொறுப்பு. எதற்கு முதலிடம் என்று சொல்வது மயில்வாகனத்தின் பொறுப்பு. மாட்டு வைத்தியத்துக்கும் வானசாஸ்திரத்துக்கும் ஒரே நடுவரா என்று யாராவது கேட்டால், "படிச்சவனுக்கு எல்லாம் ஒண்டுதான்" என்பார். அப்படிச் சொல்லும் துணிச்சல் வேறு யாருக்கும் இல்லாததால் வருடா வருடம் அவரே நடுவர்.

முதலிடம் பெறுகிறவருக்கு ஜப்பானில் இரண்டு வருட மேற்படிப்பு. அந்த ஒன்பதில் ஒன்று சாஹுல் ஹமீதின் மகள் றலியா எழுதியது. கிணற்றுத் தண்ணீர் பற்றியது. பரிசு கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, வருகிற திங்கட்கிழமை கம்பளையில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலைக்குப் போகவேண்டும். இதெல்லாம் மயில்வாகனத்துக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்பது மகளின் கட்டளை. வாப்பாவின் முகத்துக்காகக் கிடைக்கும் பரிசு அவளுக்கு வேண்டாமாம்.

"சேர், நான் வந்த விஷயம்..."

"இருங்கோ, முதல்ல இதைக் கேளுங்கோ." கதிரையைக் காட்டிவிட்டு, மேசையில் அடுக்கியிருந்த நீல அட்டைப் புத்தகங்களின் பக்கம் திரும்பினார் மயில்வாகனம். ஒவ்வொன்றின் முகப்பிலும் தலைப்பு தங்க எழுத்தில் மினுங்கியது.

"இது மாட்டுக்கு மடி வீங்கிற வருத்தம். கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் மாட்டை விட்டு வெளியில வரேல்லை. இது நுவரெலியாவில உருளைக்கிழங்கு ஏன் அழுகுது எண்டு. மழைதான், வேறென்ன? அதுக்கு ஒரு ஆராய்ச்சியோ? இது கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தாலாட்டு. வாசிக்க வாசிக்க எனக்கே நித்திரை வந்திட்டுது. இது நட்சத்திர வெளிச்சம். ஆழமான விஷயம், சாதாரண ஆக்களுக்கு விளங்காது. எனக்கு விளங்கிச்சுது."

"முதலாவது எது சேர்?"

"கண்டியச் சட்டத்தில கலியாணம்!" அடியிலிருந்த தடித்த புத்தகத்தை இரண்டு கைகளாலும் தூக்கிச் சாஹுல் ஹமீதின் மடியில் வைத்தார். "பாரத்தைப் பாருங்கோ நானா. எவ்வளவு உழைப்பு!"

பாரம்தான். சாஹுல் ஹமீது ஒத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"கிணத்துத் தண்ணியப் பத்தி ஒண்டு இரிக்குமே சேர், அது?"

"அதுவோ? எட்டாவது."

எட்டாவது! இரண்டு வருடம் அந்தப் பெண் சோடாப் போத்தல்களில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஊர் ஊராக அலைந்திருக்கிறாள். அந்தப் போத்தல்கள் உடையாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததே அவர்தான்.

"ஏன் சேர் எட்டாவது?"

"வெறும் தண்ணி நானா. உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு எண்டு ஒரே கணக்கு. மனுசரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை."

"பள்ளிக்கூடப் பிள்ளைகள்ட பல்லப் பத்தி ஒரு அத்தியாயம் இரிக்குது சேர். முந்நூறு பிள்ளைகள்ட வாயத் திறந்து பாத்து எழுதினது. எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சா பல்லுல கறை விழுகுது எண்டு."

மயில்வாகனம் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ஓம் ஓம், அந்தப் பல்லு அத்தியாயம். அதுதான் இருக்கிறதுக்குள்ள பலவீனம். அதை வாசிச்ச பிறகுதான் எட்டாவதுக்கு இறக்கினனான். அதுசரி, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எழுதினது என்ட மகள் சேர்."

சொன்ன பிறகுதான், மகளின் கட்டளையை மீறிவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. மயில்வாகனத்தின் முகம் இறுகிப்போனது.

"அப்ப சிபாரிசுக்கோ வந்தனீங்கள்? என்னட்டை அது சரிவராது. பக்கம் பக்கமா வாசிச்சு எடுத்த முடிவு. ஆருக்காகவும் மாத்தேலாது."

"சிபாரிசு ஒண்டும் வேணாம் சேர். என்ட மகள் எழுதினத ஒருத்தர் ஒழுங்கா வாசிச்சா, அவளுக்குத்தான் முதலாவது. அதில எனக்குச் சந்தேகமே இல்ல."

"வாசிச்சாச்சு எண்டு எத்தினை தரம் சொல்லுறது? சிபாரிசுக்கு இல்லையெண்டால் பிறகென்னத்துக்கு வந்தனீங்கள்?"

சாஹுல் ஹமீது மடியிலிருந்த தடித்த புத்தகத்தை நடுவில் விரித்து, அவர் முன்னால் வைத்தார்.

"அட்டை பிடிச்சிரிக்கா எண்டு கேக்கத்தான் சேர். போன வெள்ளிக்கிழம நீங்க இல்லாத நேரம் வெச்சிட்டுப் போன இந்த ஒன்பதும், அட்டையக் காட்டுறதுக்காக வெறும் வெள்ளத் தாள வெச்சுக் கட்டின சாம்பிள் புத்தகங்க. ஆராய்ச்சி ஒன்பதும் இன்னும் என்ட கடையிலதான் இரிக்குது."