இடது பக்கக் கத்தி

சுவருக்கும் அவளுக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டார் டுலூத் ஊர்ப் போலீஸ்காரர் வெண்டல். அவள் கை அவருடைய வலது இடுப்பை நோக்கி வந்தது. அது துப்பாக்கி இருக்கும் இடம். வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“கைய எடுடி! துப்பாக்கிய உருவப் பாக்குறியா?”

“கொஞ்சம் விடுங்க, சார்ஜன்ட்.”

“செத்தாலும் விடமாட்டேன்!”

இப்படிப்பட்ட சமயத்துக்கென்றே இடது பக்கம் ஒரு குட்டிக் கத்தி வைத்திருந்தார். இடது கையால் அதை உருவி, அவள் மணிக்கட்டில் ஒரே இழுப்பு.

“ஐயோ, வெட்டிட்டீங்க! இந்தா, விட்டுட்டேன்!”

ஜெயித்த வெண்டல் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

அந்த இடைவெளியில் மகள் டார்லீன் அப்பாவின் ஈர டயப்பரைக் கழற்றிப் புதிதை மாட்டினாள். ரப்பர் கத்தியை மறுபடி அவருடைய இடது சட்டைப் பையில் வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை வெட்டுப்பட வேண்டும்.