பேசியவர்கள்

டீச்சர் வெளியே போனதும் லீடர் பிரகதீஸ் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடு போடுவான். சாக்பீஸுக்கு அதைவிடப் பிடித்த வேலை கிடையாது. வகுத்தல் கணக்கு என்றால் பாதியிலேயே படக்கென்று உடைந்துவிடும். பேர் எழுதும்போது மட்டும் ஒருநாளும் உடைந்ததில்லை. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்குமே!

அன்றைக்கு மூன்று பேர் மாட்டினார்கள். நாலாவது ரெஜினா. ஜூன் மாதம் சேர்ந்த பிள்ளை. டீச்சர் எவ்வளவோ கெஞ்சியும் தீபாவளி வரை வாயே திறக்கவில்லை. அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்தவளிடம், "உனக்கு ரப்பர் வேணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

"வேண்டாம்டா, விட்டுடு. அந்தப் பிள்ளை இப்பதான் முதல் தடவையா பேசுது" என்று சாக்பீஸிடம் சொன்னது டஸ்டர்.

"பேசினா பேரு வரும். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்லி, சாக்பீஸ் அந்தப் பேரைக் குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தது.

டீச்சர் திரும்பி வந்து பலகையைப் பார்த்தார். "அட, ரெஜினா பேசினாளா?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார். அதற்குள் ரெஜினா தானாகவே பெஞ்சு மேல் ஏறி நின்றிருந்தாள், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு.

டஸ்டர் அந்தப் பேரை ஒரே இழுப்பில் அழித்தது. அதற்கப்புறம் பலகையில் யார் யார் பேரோ வந்தது, அவள் பேர் மட்டும் வரவேயில்லை.

நகத்தளவு தேய்ந்துபோன பிறகு சாக்பீஸ் ஒருநாள் டஸ்டரிடம் மெல்லச் சொன்னது:

"தினமும் சும்மா சும்மா உடைவேனே. அன்னைக்கு ஒரு தடவை உடைஞ்சிருக்கலாம்."