டிஸ்க்கில் விழுந்த அச்சு

"பிரேக்கை நாம மிதிச்சா அது திருப்பி நம்ம காலை மிதிக்குது தம்பி. நீங்களே ஓட்டிப் பாருங்க."

அன்சார் சாவியை நீட்டினார். லப்பைகுடிகாட்டுக்காரர். ஷார்ஜாவில் வேலை, விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏற வேண்டும். பெரம்பலூரில் துறையூர் சாலைப் பட்டறைக்கு யாரோ சொல்லித்தான் வந்திருந்தார்.

மெக்கானிக் திருமுருகன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலை வரை ஓட்டிப் போனான். எண்பதில் பிரேக்கைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. பெடல் நாடி மாதிரி விட்டு விட்டுத் துடித்தது.

அன்சார் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். மூன்று மாதமாக இந்தத் தொல்லையாம். இரண்டு இடங்களில் பிரேக் பேட் மாற்றியும் தீரவில்லை. வண்டி, மனைவி பெனாசிருக்காக வாங்கியது. பள்ளிக்கூடம், கடைத்தெரு, இதைத் தாண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அவள் ஓட்டுகிற லட்சணம் இப்போது பிரேக்கிலேயே தெரிந்துவிட்டது. சரிசெய்து, நாளைக்கே அரியலூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிடப் போகிறார்.

"புள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறா. நான் அங்க உட்கார்ந்துக்கிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா பாய்?"

"சொன்னேன். ரெண்டு நாளா சோறு போடுறா, பேசமாட்டேங்குறா."

பட்டறையில் இடது முன்சக்கரத்தைக் கழற்றி, அதனோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கின் மேல் மேடுபள்ளம் காட்டும் டயல் கருவியை வைத்துத் திருமுருகன் மெல்லச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முள் துள்ளியது. அந்த இடத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு கறை இருந்தது. அளந்து வெட்டியதுபோல, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட்டின் வடிவம்.

டிஸ்க் வளையவில்லை என்றான். கடுமையாகச் சூடான டிஸ்க்கை அசையாமல் பிடித்து வைத்தால் பேட் அதில் ஒட்டி அச்சு விழும். சக்கரம் சுற்றும்போது அந்த மேடு வந்து வந்து காலைத் தள்ளும். பேட்டை மாற்றினால் அச்சு போகாது.

"அவ்வளவு சூடு எப்படி ஏறும்?"

"நூறுக்கு மேல போயிருக்கணும் பாய்."

அன்சாரின் முகம் இறுகியது. "எங்க ஊருக்குள்ள நாப்பதுல போகவே ரோடு கிடையாது. அப்ப எங்கிட்ட பொய் சொல்லியிருக்கா." அரியலூர்க்காரரை இன்றைக்கே வரச்சொல்ல போனை எடுத்தார்.

திருமுருகன் டார்ச்சை அடித்து டிஸ்க்குக்கு வெகு அருகில் குனிந்தான்.

"செத்த இருங்க பாய். டிஸ்க்கு இன்னும் சொல்லுது."

அவரைப் பார்க்காமல், அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பழக்கமா விரட்டுற ஆளா இருந்தா டிஸ்க்கு முழுக்க நீலம் பாஞ்சிருக்கும். இது ஒரே ஒரு நாள் ஓட்டம். லாரி, டோல்கேட்னு வழியெல்லாம் பிரேக் பிடிச்சிருக்காங்க. ஆனா ஒண்ணுகூட டக்குனு அடிச்சதில்ல. நீளமா, மெதுவா. உள்ள இருக்கவங்க அலுங்கக் கூடாதுன்னு பிடிச்ச பிரேக்கு. கடைசியா ஒரு ஏத்தத்துல வண்டி நின்னிருக்கு. பின்னால உருளாம இருக்க அஞ்சாறு நிமிஷம் பெடல்லேர்ந்து காலையே எடுக்கலை. அங்கதான் அச்சு விழுந்துச்சு."

"என்ன ஏத்தம்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் ஏற சரிவு கட்டியிருப்பாங்கள்ல, அந்த மாதிரி."

அன்சார் கீழே உட்கார்ந்தார். கறையின் மேல் விரலை வைத்து எடுத்தார். விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். ஓர் இரும்புத் தட்டை இப்படிப் படிக்கிறவனைப் பார்த்ததில்லை.

வாசலுக்குப் போய் மனைவியை அழைத்தார்.

"பெனாசிர், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனே?"

"யார் சொன்னா மச்சான்?"

"டிஸ்க்கு சொல்லுச்சு."

பிறகு அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே நின்றார். யாரோ ஒரு நிறைமாத கர்ப்பிணி. ரத்தம் நிற்கவில்லை. வேறு வண்டி கிடைக்கவில்லை. திருச்சி வரைக்கும் பெனாசிரே ஓட்டியிருக்கிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். சாவியை வாங்கிவிடுவாரோ என்றுதான் சொல்லவில்லை.

"மாஷா அல்லாஹ்" என்றார் அன்சார். அடுத்து அரியலூர்க்காரரை அழைத்து, வண்டியை விற்கப்போவதில்லை என்று மட்டும் சொன்னார்.

பட்டறைக் கூட்டாளி கோகுலகிருஷ்ணன் டிஸ்க்கை லேத்தில் ஏற்றி மெல்லியதாகக் கடைந்து தந்தார். திருமுருகன் அது உட்காரும் இடத்தின் துருவைச் சுரண்டி, நட்டுகளை எதிரெதிராகச் சீராக முடுக்கினான். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது பெடல் அசையவில்லை. அன்சார் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டுப் புறப்பட்டார்.

வண்டி மறைந்ததும் கோகுலகிருஷ்ணன் அருகே வந்தார்.

"முருகா, இருபத்திரண்டு வருஷமா டிஸ்க்கு கடையுறேன். சூடானது தெரியும், அச்சு விழுந்தது தெரியும். ஆஸ்பத்திரி சரிவு எந்த டிஸ்க்குலடா தெரியும்?"

திருமுருகன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"வூட்டுக்காரர் காதுக்குப் போகக் கூடாதுன்னு அந்த அக்கா சத்தியம் வாங்கியிருந்துச்சுண்ணே, அதான் டிஸ்க்கைச் சொல்ல வச்சேன். அகரம்சீகூர் ரோட்டுல என் பொண்டாட்டியை மடியில போட்டுக்கிட்டு நான் கை காட்டினப்ப, பிரேக் பிடிச்ச ஒரே வண்டி அது."