பச்சைமலை வீட்டின் வரைபடம்

“பிரமாதமா இருக்கும் சார்!” என்று கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள் பெரம்பலூர் ஆர்க்கிடெக்ட் கீதாஞ்சலி.

ராஜதுரைக்காகப் பச்சைமலையில் கட்டப்போகும் புது வீடு. அவர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அரியலூர் சிமெண்ட் ஆலையையே மாதிரியாக வைத்து வரைந்திருந்தாள். புகைபோக்கி போல மாடிப்படி, பூசாத சாம்பல் சுவர், வாசலில் கண்ணாடிக்குள் அவருடைய பழைய சீருடை.

ராஜதுரையின் முகம் சிவந்தது. “மொதல்ல இதை அழிம்மா!”

அவளுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு மாத உழைப்பு!

“முப்பது வருஷம் சோறு போட்ட ஆலை சார். இப்போ வெக்கமா இருக்கா?”

“என் வூட்டுக்காரி கண்ணுல இது படவே கூடாது!” அவர் மேசையை ஓங்கி அறைந்தார்.

“அவங்க ஆலைப் பக்கமே வந்ததில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வந்ததில்லதான்.” அவர் குரல் உடைந்தது. “தெனமும் நான் கழட்டிப் போட்ட சட்டையை உதறி உதறித் தொவைச்சா. தூசியில வேலை பார்த்த எனக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு நுரையீரலே போச்சு.”

கீதாஞ்சலி திரையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள்.

“மிச்ச நாளாவது அவ மூச்சு விடட்டும்னுதான் மலையேறிப் போறோம். அங்கேயும் ஆலையைக் கட்டி வைக்கிறியே தாயி!”